58 சிசி செயின் சா: எஞ்சின் பரவாயில்லை, எண்ணெய் ஒழுகல்தான் தலைவலி

சென்னை பிராட்வே, லிங்கி செட்டித் தெரு பக்கத்துக் கருவிக் கடைகளிலும் ஆன்லைனிலும் 6,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாய்க்குள் கிடைக்கிற 58 சிசி பெட்ரோல் செயின் சாவைப் (மரம் அறுக்கும் மெஷின்) பற்றித்தான் இந்த மதிப்பீடு. பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயர் கடைக்குக் கடை மாறும். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே சீன வார்ப்புதான்: 22 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு), 550 மி.லி. பெட்ரோல் டேங்க், 260 மி.லி. செயின் ஆயில் டேங்க். விழுந்த தூங்குமூஞ்சி மரத்தின் அடிக்கட்டையை அறுக்கவும் எஞ்சினுக்குத் திராணி இருக்கிறது. ஸ்டார்ட் ஆவதில் பெரிய குறை சொல்ல முடியாது. கார்புரேட்டர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், சமாளிக்கலாம்.

குறை எங்கே என்றால், வேலை முடிந்து வைத்த மெஷினை மறுநாள் காலையில் தூக்கிப் பாருங்கள். அடியில் கறுப்பாக ஒரு எண்ணெய் வட்டம். கடைக்காரரிடம் கேட்டால், "செயின் ஆயில் கொஞ்சம் ஒழுகத்தான் சார் செய்யும், எல்லா மெஷினும் அப்டித்தான்" என்பார். அவர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்காமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், அவர் முதல் வேலையாக ஆயில் பம்ப்பை மாற்றிவிடுவார். ஒழுகல் அப்படியே இருக்கும். இந்த மெஷினில் ஒழுகலுக்குக் காரணம் பம்ப்பாக இருப்பது அபூர்வம். சூடு, தப்பான எண்ணெய், அடைத்த துளை, வெடித்த ரப்பர் ஹோஸ், இந்த நான்கையும் பார்த்து முடித்த பிறகுதான் பம்ப்பின் பக்கமே போக வேண்டும்.

முதலில் இந்த எண்ணெய் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பைக் எஞ்சினில் போல இது சுற்றிச் சுற்றி வருகிற எண்ணெய் கிடையாது. டேங்கிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் வழியாகப் பம்ப் உறிஞ்சும். பம்ப் அதை மெஷினின் பக்கவாட்டில் பார் உட்காரும் இடத்திலுள்ள சின்னத் துளைக்குத் தள்ளும். அங்கிருந்து பாரின் துளை, பாரின் பள்ளம், செயின், கடைசியில் மரத்தூளோடு தரை. போன எண்ணெய் திரும்பி வராது. அதனால் வேலை நிறுத்தியதும் பாரின் பள்ளத்திலும் செயினிலும் ஒட்டியிருக்கிற எண்ணெய் மெதுவாக இறங்கிச் சொட்டத்தான் செய்யும். 22 இன்ச் பாரில் அது ஒரு டீஸ்பூன் அளவுக்கு இருந்தால் யாரும் கவலைப்பட வேண்டாம். செய்தித்தாளில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை என்றால் அது சாதாரணம். ஒரு வாரம் சும்மா வைத்திருந்ததில் டேங்க் கால் பங்கு இறங்கியிருந்தால் சாதாரணம் இல்லை.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு ராத்திரி போதும். பார் கவரின் இரண்டு 13 எம்.எம். நட்டைக் கழற்றி, கவர், பார், செயின் மூன்றையும் எடுத்து வைத்துவிடுங்கள். கிளட்ச் சுற்றிலும் படிந்திருக்கும் எண்ணெயும் தூளும் கலந்த கறுப்புக் களிம்பைப் பழைய டூத் பிரஷால் சுரண்டி, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, வெயிலில் காய வையுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. காய்ந்ததும் முகத்துக்குப் போடும் பவுடரை அந்தப் பகுதி முழுக்கத் தூவுங்கள். டேங்கை முழுக்க நிரப்பி, மூடியை இறுக்கி, நிழலில் செய்தித்தாள் மேல் நேராக நிற்க வையுங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால் உங்கள் மெஷின் ஒழுகவில்லை, பார் சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான். ஈரமிருந்தால் பவுடர் வழி காட்டும். எண்ணெய் புறப்பட்ட இடத்திலிருந்து ஒரு கறுப்புக் கோடு இறங்கியிருக்கும். எண்ணெய் கீழேதான் சேரும், ஆனால் புறப்படும் இடம் மேலே இருக்கும். அதனால் கறை இருக்கும் இடத்தைப் பார்க்காதீர்கள், கோட்டின் மேல் முனையைப் பாருங்கள்.

நிழலில் காய்ந்தே கிடந்து, வெயிலில் வைத்தால் மட்டும் ஒழுகுகிறதா? அதுதான் வடசென்னையில் அதிகம் பார்க்கிற வகை. தகரக் கொட்டகையிலும் டாடா ஏஸ் பின்னாலும் கிடக்கிற மெஷின் மத்தியானத்தில் தொட முடியாத சூடாகிவிடும். டேங்கிலுள்ள வென்ட் வால்வு ஒருவழிப் பாதை, காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரிந்தால் அது எண்ணெயை அழுத்தும். எண்ணெய் ஹோஸில் ஏறி, பம்ப்பைத் தாண்டி, பார் துளை வழியாக வெளியே வந்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். பாதி காலியான டேங்கில் 130 மி.லி. காற்று இருக்கிறது. 30 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குப் போனால் அது சுமார் 8 சதவீதம் விரியும். அதாவது 10 மி.லி.க்கு மேல், இரண்டு டீஸ்பூன் எண்ணெய், எந்தப் பாகமும் கெடாமலேயே வெளியே வரலாம். முழு டேங்கை விடப் பாதி டேங்க் அதிகம் ஒழுகுவதற்கும் இதுதான் காரணம். நிறையப் பேர் "கொஞ்சமாத்தான் ஊத்துனேன், அதுக்கே இப்படி ஒழுகுது" என்று திகைப்பது இந்தக் கணக்கு தெரியாமல்தான்.

இதற்கு மருந்து காசில்லாதது. வேலை முடிந்து மெஷின் ஆறியதும் எண்ணெய் மூடியை ஒருமுறை திறந்து, 'புஸ்' என்று காற்றை விட்டுவிட்டு மறுபடி இறுக்குங்கள். வண்டியில் ஏற்றும் முன்பும் அப்படியே செய்யுங்கள். மெஷின் மேல் ஈரச் சாக்கு போட்டால் இன்னும் நல்லது. மூடியைத் திறக்கும்போது காற்று வெளியே வராமல் உள்ளே உறிஞ்சப்பட்டால் அது வேறு நோய். வென்ட் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதில் எண்ணெய் ஒழுகாது, பாருக்கும் போகாது. வென்ட் சில மாடல்களில் மூடியிலும் சிலவற்றில் டேங்கின் மேல் சுவரிலும் இருக்கும். பெட்ரோலில் கழுவி ஊதினால் பெரும்பாலும் திறந்துவிடும்.

அடுத்தது எண்ணெய். இங்கேதான் அதிகம் சிக்கனம் பார்க்கிறார்கள், அதிகம் தப்பும் செய்கிறார்கள்.

மெக்கானிக் கடை வேஸ்ட் ஆயிலை வடிகட்டி ஊற்றுவது ரொம்பப் பரவலான பழக்கம். 'கீழே போற எண்ணெய்தானே' என்பது வாதம். வேஸ்ட் ஆயிலில் உலோகத் தூளும் கரியும் இருக்கிறது, துணியில் வடிகட்டினால் அது போகாது. இந்த மெஷினின் பம்ப்பைச் சுற்றுகிற வார்ம் கியர் (திருகு போன்ற பல்சக்கரம்) பிளாஸ்டிக். உலோகத் தூள் அதன் பல்லையும் பம்ப் பிஸ்டனையும் தேய்த்துவிடும். தேய்ந்த பம்ப் சும்மா வைத்திருக்கும்போது எண்ணெயைத் தடுத்து நிறுத்தாது, தானாகக் கசிய விடும். மேலே சொன்ன 'அபூர்வமான' பம்ப் கோளாறு வேஸ்ட் ஆயில் ஊற்றும் மெஷின்களில் அபூர்வமே இல்லை. போதாததற்குச் செயின் வேகத்தில் அது தூவலாக மாறி முகத்திலும் கையிலும் படும். வேஸ்ட் ஆயில் தோலுக்கு ஆகாத சரக்கு.

ஹைட்ராலிக் 68 இன்னொரு பழக்கம். துறைமுகத்துக் கிரேன் வேலை, லாரி வேலை பக்கத்திலேயே இருப்பதால் சுலபமாகக் கிடைக்கும். 68 என்ற எண் 40 டிகிரியில் அந்த எண்ணெயின் பாகுத்தன்மை, அதாவது ஓடாமல் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதன் அளவு. கத்திரி வெயிலில் சென்னையின் நிழல் சூடே 40 டிகிரியைத் தொடும், டேங்குக்குள் அதைத் தாண்டும். அந்தச் சூட்டில் 68 தண்ணீர் போல ஓடும். செயினில் ஒட்டாது, பார் முனைக்கு வரும் முன்பே சிதறிவிடும், மிச்சமிருப்பது ராத்திரியில் சொட்டும். நேர் எதிராக 90 கியர் ஆயிலைத் தனியாக ஊற்றுபவர்களும் உண்டு. ஒழுகல் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் மார்கழிக் காலையில் பம்ப் அதை உறிஞ்சத் திணறும். முதல் ஐந்து நிமிடம் செயின் காய்ந்தே ஓடும்.

சரியான சரக்கு பார் ஆயில் என்றே விற்பது. அதில் நூல் போல இழுபடுகிற ஒட்டுப் பொருள் கலந்திருக்கும். இரண்டு விரலில் தொட்டுப் பிரித்தால் கம்பி இழுக்கும், பாகு பதம் மாதிரி. அது கிடைக்காவிட்டால் புதிய எஸ்.ஏ.இ. 30, அல்லது பெட்ரோல் பங்கில் கிடைக்கிற புதிய 20டபிள்யூ-40 ஊற்றலாம். கோடையில் மட்டும் ஒரு லிட்டர் 20டபிள்யூ-40 உடன் கால் லிட்டர் 90 கியர் ஆயில் கலந்தால் சொட்டுவது கண்ணுக்குத் தெரியக் குறையும். சமையல் எண்ணெய் மட்டும் வேண்டாம். தினமும் ஓட்டினால் தெரியாது, ஒரு மாதம் சும்மா வைத்தால் பள்ளத்திலும் பம்ப்பிலும் பிசின் மாதிரி இறுகிவிடும்.

எண்ணெயையும் மாற்றியாயிற்று, சூட்டையும் பார்த்தாயிற்று, ஓடும்போதே கவருக்கு அடியிலிருந்து கொட்டுகிறது என்றால் பாரைக் கழற்றி அதன் வால் பக்கத்தைப் பாருங்கள். பாரின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு சின்ன எண்ணெய்த் துளை இருக்கும். தென்னை அறுக்கிறவர்களுக்கு இதில்தான் வம்பு. தென்னையின் ஈர நார் தூளாக உதிராமல் சகதி மாதிரி வந்து துளையில் அடைத்துக்கொள்ளும். பம்ப் தள்ளுகிற எண்ணெய்க்குப் போக வழியில்லை, பாருக்கும் மெஷினுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் பிதுங்கிக் கீழே கொட்டும். பார்ப்பவருக்கு ஒழுகல், பாருக்குப் பட்டினி. 2 எம்.எம். கம்பியால் துளையைக் குத்தி, உடைந்த ஹாக்ஸா பிளேடால் பள்ளத்தை முழு நீளத்துக்கும் சுரண்டினால் தீர்ந்தது. கவரின் உட்புறத்தில் அப்பியிருக்கும் தூளையும் வழித்து எடுங்கள். எண்ணெய் குடித்த மரத்தூள் பஞ்சு மாதிரி, இரவெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும்.

டூப்ளிகேட் பார் போட்டிருந்தால் இன்னொன்றும் பாருங்கள். போல்ட் நுழைகிற பள்ளம் பொருந்தினால் பார் பொருந்திவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். எண்ணெய்த் துளை மெஷினின் துளைக்கு நேராக வருகிறதா என்பதுதான் முக்கியம். பாரை மாட்டி, செயினை இழுத்து டைட் செய்த நிலையில் துளை எங்கே நிற்கிறது என்று பென்சிலால் குறித்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். பாதிதான் நேராக வருகிறதென்றால் பாதி எண்ணெய் வெளியேதான் போகும். அந்தப் பாரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துளையை டிரில் போட்டுப் பெரிதாக்கிச் சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள், பார் இரும்பு கடினம், பிட்தான் உடையும்.

இனி ஹோஸ். இந்த மெஷினின் உண்மையான பலவீனம் இதுதான். அறிகுறி விசித்திரமானது: தரையில் எண்ணெய் ஒழுகும், அதே சமயம் பாருக்கு எண்ணெய் போதாது. பார் ஓரம் நீலம் பாய்ந்து, செயின் அடிக்கடி தளர்ந்து, வெட்டும்போது புகை வாடை வரும். ஒழுகலும் பட்டினியும் ஒரே நேரத்தில் இருந்தால், துளை அடைப்பு இல்லையென்றால், ஹோஸ்தான். ஹோஸில் ஒரு வெடிப்பு இருந்தால் மெஷின் நிற்கும்போது எண்ணெய் அதன் வழியாக வெளியே கசியும், ஓடும்போது பம்ப் அதன் வழியாகக் காற்றை உறிஞ்சும். பாருக்குப் போகும் எண்ணெயைக் கூட்டிக் குறைக்கிற அளவு ஸ்க்ரூவை எவ்வளவு திறந்தாலும் பயன் இருக்காது.

ஹோஸைப் பார்க்கக் கிளட்சைக் கழற்றியாக வேண்டும். ஸ்பார்க் பிளக்கை 19 எம்.எம். பாக்ஸ் ஸ்பேனரால் எடுத்துவிட்டு, பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும் நிலையில், சைலன்ஸர் பக்கத்து வாயை அது மூடிய பிறகு, பிளக் துளை வழியாக ஒரு முழம் நைலான் கயிற்றை உள்ளே விடுங்கள். வாய் திறந்திருக்கும்போது விட்டால் கயிறு அதில் மாட்டி அறுபடும், துண்டு உள்ளேயே தங்கிவிடும். கயிறு பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும், எஞ்சின் சுற்றாது. இப்போது கிளட்சைக் கழற்றலாம். கவனம், இது இடது மரை. வழக்கமாக நாம் இறுக்குகிற பக்கம், அதாவது கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் எதிர்ப்பக்கம் சுத்தியலால் அடித்துக் கிளட்ச் ஷூவை உடைத்த மெஷின்கள் மெக்கானிக் கடைகளில் மூலையில் கிடக்கும். பிஸ்டனை நிறுத்த ஸ்க்ரூ டிரைவரை விடுவது அதை விடப் பெரிய பாவம்.

கிளட்ச், டிரம், ஊசி பேரிங், வாஷர் என்று வருகிற வரிசையை ஒரு அட்டையில் அப்படியே அடுக்கி வையுங்கள், முடிந்தால் போனில் ஒரு படம். அடியில் வார்ம் கியர், அதை ஒட்டி இரண்டு ஸ்க்ரூவில் பம்ப். பம்ப்பைத் தளர்த்தித் தூக்கினால் டேங்கிலிருந்து வரும் ஹோஸின் முனை தெரியும். விரலால் அதை லேசாக வளைத்துப் பாருங்கள். நல்ல ஹோஸ் வளைந்து நிமிரும். கெட்டுப்போனது பழைய சைக்கிள் டியூப் மாதிரி விறைத்திருக்கும். வளைக்கும்போது கழுத்துப் பகுதியில், பம்ப் முனை நுழைகிற இடத்தைச் சுற்றி, நகக்கீறல் போல வெடிப்பு விரியும். நேராக இருக்கும்போது அந்த வெடிப்பு கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் வளைக்காமல் பார்த்த மெக்கானிக் "ஹோஸ் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிப் பம்ப்பை மாற்றிவிடுகிறார்.

புது ஹோஸும் ஃபில்டரும் செட்டாகவே கிடைக்கும். 4500, 5200, 5800 (45, 52, 58 சிசி) என்று மூன்று மாடலுக்கும் ஒரே செட் என்றுதான் விற்பார்கள். இருந்தாலும் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஒப்பிட்டு வாங்குங்கள், கழுத்தின் கனம் சில சமயம் மாறுகிறது. போடும் முன் சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் இளகும். முனையில் பார் ஆயில் தடவி நுழையுங்கள். ஹோஸின் கழுத்தில் சுற்றிலும் ஒரு பள்ளம் இருக்கும், டேங்கின் சுவர் அந்தப் பள்ளத்துக்குள் உட்கார வேண்டும். ஒரு பக்கம் உட்கார்ந்து மறுபக்கம் பிதுங்கியிருந்தால் புது ஹோஸும் முதல் நாளே ஒழுகும். டார்ச் அடித்துச் சுற்றிலும் பார்த்துக்கொள்ளுங்கள். சுத்தமாக இருக்கட்டும் என்று அங்கே அனபாண்ட் பசை தடவ வேண்டாம். பிதுங்கிக் காய்ந்த துணுக்கு ஒன்று உடைந்து உள்ளே போனால் பம்ப்பின் கதை முடிந்தது.

கழற்றியது கழற்றியாயிற்று, ஃபில்டரை மாற்றுங்கள், டேங்கைப் பெட்ரோல் ஊற்றிக் குலுக்கிக் கழுவுங்கள். அடியில் வண்டல் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். வார்ம் கியரின் பல் மழுங்கியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், சில்லறைக் காசு. பம்ப்பை எப்போது மாற்றுவது? ஹோஸ் புதிது, துளை சுத்தம், எண்ணெய் சரியானது, நிழலில்தான் இருக்கிறது, அப்படியும் பார் கழற்றிய நிலையில் பார் உட்காரும் இடத்துத் துளையிலிருந்து ஒரு ராத்திரியில் எண்ணெய் வடிந்திருக்கிறதென்றால் பம்ப் தேய்ந்திருக்கிறது. அப்போது மாற்றுங்கள், அதற்கு முன் வேண்டாம். பம்ப் ஸ்க்ரூக்களை இறுக்கும்போது கை நிதானம் வேண்டும். அலுமினிய மரை, ஒரு சுற்று கூடினால் வழுக்கிவிடும். கிளட்சைத் திரும்பப் போடும்போது எதிர்ப்பக்கம் திருப்பிக் கையால் இறுக்கினாலே போதும், ஓட ஓட அது தானே இறுகிக்கொள்ளும். கயிற்றை வெளியே எடுக்க மறக்க வேண்டாம்.

மூடி ஒழுகல் சுலபமானது. மெஷினை மூடிப்பக்கம் கீழே இருக்கும்படி அரை மணி நேரம் சாய்த்து வைத்தால் தெரிந்துவிடும். ஓ-ரிங் தட்டையாகிவிட்டிருக்கும், அல்லது அதில் ஒரு மரத்தூள் துணுக்கு ஒட்டியிருக்கும். பிராட்வே ஆயில் சீல் கடைகளில் கறுப்பு நைட்ரைல் ஓ-ரிங் கேளுங்கள், பழையதைக் காட்டி அதே கனத்தில். அவசரத்தில் மூடியைக் கோணல் மரையில் ஏற்றி ஸ்பேனரால் இறுக்கியவர்கள் மூடியோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

எண்ணெய் அளவு ஸ்க்ரூ மெஷினின் அடிப்புறம் கிளட்ச் பக்கத்தில் இருக்கும். புது மெஷினில் இதை நன்றாகத் திறந்து வைத்தே அனுப்புகிறார்கள் போலும், 16 இன்ச் பார் மாட்டி ஓட்டுபவர்களுக்கு அது மிக அதிகம். அளவு சரியா என்று அறிய ஒரு எளிய வழி: பெட்ரோல் டேங்க் ஒன்று தீரும்போது எண்ணெய் டேங்க் கிட்டத்தட்டக் காலியாக, அடியில் கொஞ்சம் மிச்சமிருக்க வேண்டும். பெட்ரோல் இருக்கும்போதே எண்ணெய் தீர்ந்தால் ஸ்க்ரூவைக் கால் சுற்று குறையுங்கள். பாதி எண்ணெய் மிஞ்சினால் கால் சுற்று கூட்டுங்கள். எந்தப் பக்கம் கூடுதல் என்று அடியில் குறி இருக்கும். பார் முனையை வெள்ளை அட்டைக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து, பாதிக்கு மேல் வேகத்தில் அரை நிமிடம் ஓட்டினால் அட்டையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். சொட்டுச் சொட்டாகத் தெறித்தால் அதிகம். செயின் நிற்கும்போது, ஐட்லிங்கிலேயே எண்ணெய் தள்ளிக்கொண்டிருந்தால் அது கிராங்கோடு (எஞ்சினின் சுழல் தண்டு) சேர்ந்து சுற்றுகிற பம்ப். கோளாறு என்று நினைக்க வேண்டாம், ஐட்லிங்கில் மெஷினைக் கீழே வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்காமல் அணைத்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு கெட்ட செய்தி. பவுடர் கோடு டேங்குக்கும் எஞ்சினுக்கும் அடியில், நடுக்கோட்டில் தொடங்கினால், கிராங்க் கேஸின் (எஞ்சினின் அடிக்கூடு) இரண்டு பாதிக்கு நடுவிலுள்ள பேக்கிங் போய்விட்டது. பல 58 சிசி மாடல்களில் எண்ணெய் டேங்க் கிராங்க் கேஸோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கிறது. பேக்கிங்கை மாற்ற எஞ்சினை முழுக்கப் பிரிக்க வேண்டும், கூலி மெஷின் விலையில் பாதியைத் தொடும். கேஸ் போல்ட்டுகளை ஒரே சீராக, எதிரெதிர் மூலையாக, கால் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். தளர்ந்த போல்ட்டால் வந்த கசிவு அதிலேயே நிற்பதுண்டு. நிற்காவிட்டால் வெளியே எம்-சீல் அப்புவதில் பலனில்லை, எண்ணெய் ஊறிய உலோகத்தில் எதுவும் ஒட்டி நிற்காது. வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து வைப்பதுதான் மலிவான வைத்தியம். கீழே விழுந்து வார்ப்பில் வெடிப்பு விட்ட மெஷினுக்கும் இதே கதிதான்.

டேங்கைக் காலி செய்யும் பழக்கம் நல்ல மெஷினுக்கும் தேவை. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் அடித்தபோது தெருத்தெருவாக மரம் விழுந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் குடியிருப்புகளில் அவசரத்துக்கு என்று ஒரு மெஷின் வாங்கிப் பரணில் போடுவதைப் பார்க்கலாம். பதினொரு மாதம் பரண் சூட்டில் முழு டேங்கோடு கிடந்தால் எண்ணெய் வீட்டுச் சுவர் வழியாக இறங்கியிருக்கும், ஹோஸ் விறைத்திருக்கும், புயலன்று பார் காய்ந்து ஓடும். ஐப்பசிக்கு முன் எடுத்து, புது எண்ணெய் ஊற்றி, அட்டைச் சோதனை ஒன்று செய்துவிடுங்கள். வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்ற வேண்டாம். தண்ணீரில் எண்ணெய் படர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணூர், காசிமேடு பக்கம் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கேனில் சேர்த்துப் பழைய ஆயில் எடுக்கும் மெக்கானிக் கடையில் கொடுத்துவிடலாம். தரையில் கொட்டியதற்கு மரத்தூளைத் தூவி ஒரு மணி நேரம் விட்டுக் கூட்டுங்கள், பிறகு துணி சோப்புத் தூள். தண்ணீரை முதலில் ஊற்றினால் கறை பரவும், வழுக்கும்.

வாங்கலாமா என்றால், கிளட்சைக் கழற்றத் தயங்காதவர், அல்லது கழற்றத் தெரிந்த டூ-ஸ்ட்ரோக் மெக்கானிக் பக்கத்தில் உள்ளவர் வாங்கலாம். வருடத்துக்கு ஐந்தாறு மரம் அறுப்பவருக்கு இந்த விலையில் இந்தப் பலம் வேறு எதிலும் வராது. ஜி.என்.டி. சாலை மரக்கடைகளில் போல நாள் முழுக்க ஓட்டுபவர் இதை வாங்கிவிட்டு ஒழுகுகிறது என்று புலம்புவதை விட, கூடுதல் விலை கொடுத்துப் பெரிய கம்பெனி மெஷினுக்கே போகலாம். ஹோஸ் தரமும் சீல் தரமும் அந்த விலை வித்தியாசத்தில் அடக்கம்.

வாங்கும்போது ஹோஸ் செட் இரண்டு, வார்ம் கியர் ஒன்று, மூடி ஓ-ரிங் நான்கு சேர்த்தே வாங்கிவிடுங்கள். எல்லாம் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். ஆறு மாதம் கழித்து அதே பெட்டிப் பெயரில் ஸ்பேர் கேட்டால் கடைக்காரரே மறந்திருப்பார். பில் போடும் முன் மெஷினை வெளியே எடுத்து 100 மி.லி. எண்ணெய் ஊற்றச் சொல்லி, பாரை மாட்டாமல், பெட்டி அட்டை மேல் மூடிப்பக்கம் கீழே சாய்த்து வைத்துவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். அட்டையில் பொட்டு விழுந்திருந்தால் வேறு பீஸ் கேளுங்கள். "அதெல்லாம் இங்க பண்ண முடியாது சார்" என்று சொன்னால் நாலு கடை தள்ளிப் போங்கள். மெஷின் அங்கேயும் இதேதான், டெஸ்ட் செய்து தருகிறவரிடம் வாங்கினால் மாற்றித் தரவும் செய்வார்.